கைவிடப்பட்டோரின் அன்னையும் ஒரு தள்ளுவண்டியும்

தள்ளுவண்டி என்றதும் பள்ளிக்கரணையில் எங்கள் தெருவாருக்கு நினைவில் வருபவை, மாலையில் ஓசையெழுப்பி வரும் வேர்க்கடலை வண்டியும், வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியுமே. குழந்தையைப் படுக்க வைத்துத் தள்ளும் வண்டியை நான் முதன்முதலாகப் பிடித்தது அறுபத்து மூன்றாம் வயதில். ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில், வலென்சியா என்னும் நகரில். அங்குக் கண்டவற்றை எழுதும்படி பங்கு நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டனர். பயணக் கட்டுரை எழுதுவதாகவே அமர்ந்தேன். எழுத எழுத அது பாவசங்கீர்த்தனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் வீட்டில் நாங்கள் இருவர். நானும், என் கணவரைப் பெற்ற தாயாரும். கணவர் இறைவனடி சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அத்தைக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, நாற்று நட்டு, களையெடுத்து வளர்ந்தவர். நான் ஆசிரியப் பணிக்குச் சென்ற காலமெல்லாம் என் ஒரே மகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவரே. பள்ளிவிட்டு நான் திரும்பும்போது, தெருமுனையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு நிற்பார். “உன் அம்மா வர்றா பாரு” என்று அவர் காட்டிய கைதான் என் மகள் அறிந்த முதல் திசைகாட்டி. மகள் அவரை ‘ஆயா’ என்று அழைப்பாள். அவளுடைய முதற்சொல்லும் அதுவே.

2020-ஆம் ஆண்டு அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப்பின் வீட்டிற்குள் சுவரைப் பிடித்து நான்கு அடி நடப்பார்; அவ்வளவே. கோயிலுக்குப் போவது நின்றது. மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை வீட்டிற்கு வந்தது. சக்கர நாற்காலி வாங்கலாமே என்று சிலர் சொன்னதுண்டு. “நம் தெருவில் அதை எங்கே தள்ளுவது?” என்பேன். கேட்டவர்களும் தலையசைத்துவிடுவார்கள். எங்கள் தெருவை அறிந்த எவரும் அந்த விடையை மறுக்கமாட்டார்கள். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், அதை மூடிய மேடு, மேட்டின்மேல் நிறுத்திய இருசக்கர வண்டிகள், அவற்றிற்கிடையே படுத்திருக்கும் எருமைகள். கோயில் முக்கால் கிலோமீட்டர் தொலைவு. அதன் வாசலில் ஏழு படிகள்.

2023 திசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயல் எங்கள் கடற்கரையை ஒட்டி நகர்ந்தபோது, பள்ளிக்கரணையில் வெள்ளம் புகுந்தது. எங்கள் தரைத்தளத்தில் முழங்காலுக்கு மேல் நீர். மறுநாள் இளைஞர்கள் இருவர் அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் அவர் எங்கள் தெருவைக் கண்டது அன்று ஒருநாள்தான். அதுவும் தண்ணீராகக் கண்டார். படகில் அமர்ந்து இருபுறமும் பார்த்தபடி, “இந்த வீட்டுக்கு மாடி எப்போ எடுத்தாங்க?” என்று அவர் கேட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

அதே மாதம், கிறிஸ்து பிறப்பு விழா வாரத்தில், வலென்சியாவில் பணிபுரியும் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் உடனிருக்க வேண்டுமென்று மகள் விரும்பினாள். ஐரோப்பிய நுழைவிசைவு 180 நாள்களில் 90 நாள்களுக்கே இடந்தரும். அந்த மூன்று மாதம் அத்தையை எங்கே விடுவது? கொழுந்தனார் வீட்டில் இடமில்லை. இறுதியில் அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் ஏற்பாடாயிற்று. தூய்மையான இடம், அன்பான கவனிப்பு, வளாகத்திலேயே சிற்றாலயம். குறை சொல்ல ஏதுமில்லை. குறை ஏதுமில்லை என்பதே என் மனச்சான்றுக்குப் போதுமான தாலாட்டாக இருந்தது.

சாம்பல் புதன் கழிந்த இரண்டாம் நாள், 2024 பிப்ரவரி 16 அன்று, அவரை அங்கே அமர்த்திவிட்டு விடைபெற்றேன். “போயிட்டு வாம்மா. பிள்ளையை இடுப்புல வெச்சுப் பழக்கு” என்றார். அழவில்லை. என் கையைப் பிடித்திருந்தார், பிறகு விட்டுவிட்டார். அன்றிரவு விமானம் தரையைவிட்டு எழுந்தபோது என் நெஞ்சில் தோன்றிய உணர்வை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை. அது துயரம் அன்று; ஆறுதல். நான்கு ஆண்டுகளாக இரவில் இருமுறை எழுந்த உடம்பு, இனி மூன்று மாதம் எழ வேண்டியதில்லை என்று மகிழ்ந்தது.

வலென்சியா ஏறக்குறைய எட்டு லட்சம் மக்கள் வாழும் நகரம். பிப்ரவரியிலும் வெயில் தெளிவாக அடிக்கிறது, ஆனால் சுடுவதில்லை. தெருவோரங்களில் ஆரஞ்சு மரங்கள் காய்த்து நிற்கின்றன. அவை கசப்பு வகை, எவரும் பறிப்பதில்லை. பிற்பகலில் சிறு கடைகள் பலவும் கதவடைத்து, மாலையில் மீண்டும் திறக்கின்றன. அங்கு விரும்பிக் குடிக்கப்படும் ‘ஓர்சாத்தா’ என்னும் வெண்ணிறப் பானம் ஒருவகைக் கோரைக் கிழங்கை அரைத்து எடுப்பது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு. எங்கள் சதுப்பு நிலத்துக் கோரையின் உறவினம், அங்கே கண்ணாடிக் குவளையில் சர்க்கரையோடு கலந்து அமர்ந்திருந்தது.

முதல் வாரத்திலேயே குழந்தையின் வண்டி என் பொறுப்பாயிற்று. அத்தை சொன்னபடி இடுப்பில் வைத்துப் பழக்க முயன்றேன். என் முதுகு இசையவில்லை. ஆகவே வண்டியைத் தள்ளினேன். தள்ளத் தொடங்கிய பின்புதான் தரையைப் பார்க்கக் கற்றேன். நடப்பவர் கண் முகங்களைப் பார்க்கும். வண்டி தள்ளுபவர் கண் நிலத்தைப் பார்க்கும். ஓர் அங்குல மேடும் கைக்குத் தெரிகிறது. அங்கே நடைபாதை சாலையைச் சந்திக்கும் முனைகளில் கல்லைச் சரித்துத் தரையோடு இழைத்திருக்கிறார்கள். பேருந்து நின்றதும் தளம் தாழ்ந்து நடைபாதையருகே வருகிறது. வண்டியை மடிக்காமலேயே நடுவாசல் வழியாக ஏற்றலாம். மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி. நான் வியந்ததைக் கண்டு மகள் சொன்னாள்: “அம்மா, இதெல்லாம் குழந்தைகளுக்காக மட்டும் செய்ததில்லை.”

உண்மைதான். இரண்டாம் வாரத்திலிருந்து நானும் காணத் தொடங்கினேன். ஒவ்வொரு சரிவிலும் என் வண்டிக்கு முன்னோ பின்னோ ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் ஒரு மூதாட்டி, உதட்டுச்சாயம் பூசி, கழுத்தில் துணி சுற்றி, வெயிலுக்காக வெளியே வந்தவர். தள்ளுபவர் மகளோ மகனோ, கூலிக்கு அமர்த்தப்பட்ட பணிப்பெண்ணோ. பணிப்பெண்கள் பலர் தென் அமெரிக்க நாடுகளிலிருந்து, தம் தாய்மாரை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று மகள் சொன்னாள். எனவே அந்நாட்டார் எல்லாரும் பெற்றோரைப் போற்றுபவர்கள் என்று நான் எழுதமாட்டேன். அங்கும் தனிமை உண்டு. அங்கும் ஞாயிறு மட்டும் வந்துபோகும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த மூதாட்டிகள் தெருவைப் பார்த்தார்கள். எந்த வீட்டுக்கு எப்போது மாடி எடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நகரின் நடுவே தூரியா ஆற்றின் பழைய படுகை இருக்கிறது. நாள்தோறும் மாலையில் அங்கேதான் குழந்தையைக் கொண்டு செல்வேன். இப்போது அதில் ஆறு இல்லை. 1957 அக்டோபர் 14-ஆம் நாள் தூரியா பெருகி நகரை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ஆற்றை நகருக்குத் தெற்கே புதுக்கால் வெட்டித் திருப்பிவிட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் அவ்வேலை முடிந்தது. வறண்ட படுகையில் அகலச்சாலை போடுவதே முதல் திட்டம். மக்கள் அதை எதிர்த்து, தோட்டம் வேண்டுமென்று போராடிப் பெற்றார்கள். இன்று ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளத்திற்கு மரங்களும் விளையாட்டுத் திடல்களுமாக அது விரிந்து கிடக்கிறது. பழைய பாலங்கள் தலைக்கு மேலே நிற்கின்றன. தெருவிலிருந்து படுகைக்குள் இறங்கச் சரிவுப் பாதைகள் உண்டு. வண்டியோடு அதில் இறங்கும்போதெல்லாம், வெள்ளத்தில் படகேறிய அத்தையின் நினைவு வரும். ஒரு நகரம் தன் துன்பம் நடந்த இடத்தையே குழந்தைகள் விளையாடும் இடமாக்கியிருக்கிறது என்று வியந்தேன். அந்த வியப்புக்கு மறுபக்கம் ஒன்று இருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்ச் மாதம் 19-ஆம் நாள் புனித சூசையப்பர் திருநாள். வலென்சியாவில் அது பெருவிழா. தெருச்சந்திகளில் மரத்தாலும் அட்டையாலும் வண்ணப் பொம்மைக் கோபுரங்களை எழுப்பி, திருநாள் இரவில் அவற்றை எரித்துவிடுகிறார்கள். தச்சர்கள் குளிர்காலம் முடிந்ததும் தம் பட்டறைக் கழிவுகளைத் தம் பாதுகாவலரின் விழாவில் கொளுத்தியதிலிருந்து இது வந்தது என்பார்கள். எங்கள் போகிப் பண்டிகையை நினைத்துக்கொண்டேன். வெடியோசையைக் குழந்தை தாங்காது என்பதால், அந்த நாள்களில் நாங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தோம். ஆனால் 17, 18 ஆகிய இரு நாள்களும் நடக்கும் மலர்க் காணிக்கையை மட்டும் பார்க்கச் சென்றோம். பட்டாடை உடுத்த பெண்கள் ஆயிரமாயிரமாய் மலர்ச்செண்டு ஏந்தி அணிவகுக்கிறார்கள். நடக்கத் தெரியாத சிசுக்களையும் அதே பட்டாடை உடுத்தி, மலர் சூட்டிய வண்டிகளில் தள்ளி வருகிறார்கள். கன்னிமரி சதுக்கத்தில் உயர்ந்த மரச்சட்டமாக நிற்கும் அன்னையின் உருவத்திற்கு அந்தச் செண்டுகளே போர்வையாகின்றன.

அன்னையின் பெயரை மகளிடம் கேட்டேன். “தெசம்பராதோஸ்” என்றாள். “அப்படியென்றால்?” சற்றே யோசித்துத் தமிழில் சொன்னாள்: “கைவிடப்பட்டவர்கள். கைவிடப்பட்டோரின் அன்னை.”

அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. அடுத்த வாரம் கூட்டம் கலைந்தபின், வண்டியோடு தனியே அந்தப் பேராலயத்திற்குச் சென்றேன். மறைமாவட்டத் தலைமைக் கோயிலை ஒட்டி, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த, உள்ளே நீள்வட்ட வடிவான கோயில் அது. தலைமைக் கோயிலுக்குள்ளே, ஆண்டவர் இறுதி இரவுணவில் ஏந்தியதென்று அம்மக்கள் போற்றும் கிண்ணம் 1437 முதல் காக்கப்பட்டு வருகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1982-இலும், பதினாறாம் பெனடிக்ட் 2006-இலும் அந்தக் கிண்ணத்தைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றினார்கள். அதைக் காண வருவோர் மிகுதி. ஆனால் என் கால்கள் அடுத்த கோயிலில்தான் நின்றன.

அந்தத் திருவுருவத்தின் வரலாறு இது. 1409 பிப்ரவரி 24-ஆம் நாள், ஜோன் கிலாபெர்ட் ஜொஃப்ரே என்னும் துறவி தலைமைக் கோயிலில் மறையுரையாற்றப் புறப்பட்டார். சிறைப்பட்டோரை மீட்பதற்கென்றே தோன்றிய இரக்க அன்னை சபையைச் சேர்ந்தவர் அவர். வழியில், மனநலம் குன்றிய ஒருவரை இளைஞர்கள் சிலர் எள்ளி அடிப்பதைக் கண்டார், அவரைக் காப்பாற்றினார். கோயிலுக்குச் சென்று, தாம் ஆயத்தம் செய்திருந்த உரையை விடுத்து, வழியில் கண்டதைப் பற்றியே பேசினார். அன்று அதைக் கேட்ட வணிகர்கள் சிலர் பொருளும் உழைப்பும் தந்தனர். மனநோயாளருக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. ஐரோப்பாவில் அவ்வகையில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுவர். சில ஆண்டுகளில் அதைச் சார்ந்து அன்னையின் பெயரால் ஒரு பக்த சபை தோன்றியது. ஆதரவற்றோரைப் பேணுவதும், அநாதைப் பிணங்களை அடக்கம் செய்வதும் அதன் பணி. இறந்தவரின் பெட்டிமீது அன்னையின் உருவத்தைக் கிடத்திக் கொண்டு செல்வார்களாம். கிடத்துவதற்கென்று செய்த உருவத்தை நிறுத்திவைத்தால் தலை முன்னே சாய்ந்து தெரியும். அதனால்தான் அன்னை குனிந்த தோற்றத்தில் இருக்கிறார் என்று விளக்குகிறார்கள். மக்கள் அவரைச் செல்லமாக ‘கூனற்கிழத்தி’ என்னும் பொருள்பட அழைக்கிறார்கள். இடக்கையில் பாலன், வலக்கையில் லீலி மலர், போர்வையின் கீழே காலடியில் இரு சிறு குழந்தைகள்.

குனிந்த முதுகை நான் அறிவேன். அது என் வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கும் முதுகு.

அருமை வாசகர்களே, கைவிடுதல் என்ற சொல்லை நாம் கடுமையான சொல்லாகவே எண்ணியிருக்கிறோம். தெருவில் தள்ளியவரையும் சோறிடாதவரையும் குறிக்கும் சொல் என்று நினைக்கிறோம். அதனால் அது நம்மைத் தொடுவதில்லை. அந்தக் கோயிலில் அமர்ந்து அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். கையை விடுதல், அவ்வளவுதான் அதன் பொருள். அடிக்க வேண்டாம், வைய வேண்டாம். பிடித்திருந்த கையை விட்டாலே போதும். அத்தை என் கையை விட்டார் என்று முன்பு எழுதினேன். திருத்திக்கொள்கிறேன். அவர் விடவில்லை; நான் உருவிக்கொண்டேன். விமானத்துக்கு நேரமாயிற்று என்பது காரணம்.

மூன்று மாதம் அவரை இல்லத்தில் விட்டதை மட்டும் நான் குற்றமாகக் கருதவில்லை. மகளுக்கும் நான் தாய்தானே. என் குற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நான்கு ஆண்டுகளாக “தெரு சரியில்லை” என்று சொல்லி வந்தேனே, தெரு சரியில்லாதது உண்மை. ஆனால் அது முழு உண்மையன்று. நாற்காலியில் அவரைத் தள்ளிச் சென்றால் ஊரார் நின்று பார்ப்பார்கள். முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஏழு படிகளுக்கு எவரையாவது கெஞ்ச வேண்டும். இவற்றையெல்லாம் தவிர்க்கவே தெருவைச் சாட்சிக்கு அழைத்தேன். தெரு என் பொய்ச்சாட்சி. அதற்குப் பேச வாயில்லாதது எனக்கு வசதி.

அத்தையிடம் “கோயிலுக்குப் போக வேண்டுமா?” என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில், தலைமைக் கோயிலின் திருத்தூதர் வாயில்முன் நீர் நீதிமன்றம் ஒன்று கூடும். பல நூற்றாண்டுப் பழைமையுடையது. 2009-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. கறுப்பு மேலங்கி அணிந்த உழவர்கள் வட்டமாய் அமர, ஏவலர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கச் சொல்லி, வழக்குண்டா என்று அழைக்கிறார். பெரும்பாலும் எவரும் வருவதில்லை. ஆயினும் ஒரு வாய்க்காலையும் விடாமல் அழைக்கிறார்கள். குழந்தை வண்டியோடு கூட்டத்தில் நின்று இதைப் பார்த்தபோது நாணினேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாய்க்காலை நான் அழைத்ததே இல்லை.

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்னையின் திருநாள். 2024-இல் அது 12-ஆம் நாள் வந்தது. மறுநாள் நான் புறப்பட வேண்டும். காலையில் திருவுருவத்தைப் பேராலயத்திலிருந்து தலைமைக் கோயிலுக்குத் தோளில் சுமந்து செல்கிறார்கள். சிறு தொலைவுதான், ஆனால் நெரிசலில் நெடுநேரம் ஆகிறது. ஏனெனில் பெற்றோர் தம் குழந்தைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்கிறார்கள். முகமறியாத கைகள் வாங்கி வாங்கிக் கடத்தி, அன்னையின் போர்வையைத் தொடச்செய்து, அழும் பிள்ளையைத் திரும்பத் தாயிடம் சேர்க்கின்றன. என் மகள் பேத்தியைக் கொடுக்க அஞ்சினாள். நாங்கள் ஓரமாகவே நின்றோம். கைகள் கடலலைபோல் உயர்ந்தும் தாழ்ந்தும் பிள்ளைகளைக் கொண்டு சென்றதைக் கண்டபோது, நற்செய்தியில் வரும் திமிர்வாதக்காரன் நினைவுக்கு வந்தான். கட்டிலோடு அவனை நால்வர் சுமந்து வந்தனர். வாசலில் கூட்டம், வழியில்லை. அவர்கள் ‘தெரு சரியில்லை’ என்று திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் கண்டு மெச்சியது அந்த நால்வரின் நம்பிக்கையை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை.

மே 14 அன்று விமான நிலையத்திலிருந்து நேரே இல்லத்திற்குச் சென்றேன். அத்தை சன்னலோரம் அமர்ந்திருந்தார். இளைத்திருக்கவில்லை, முகம் தெளிவாகவே இருந்தது. “எத்தனை நாள் ஆச்சு தெரியுமா?” என்று கேட்டார். நான் கணக்கிட்டு, “எண்பத்தெட்டு நாள் அத்தை” என்றேன். தலையணைக்கடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். நாட்காட்டித் தாள்கள். கூடத்தில் தொங்கும் நாட்காட்டியில் அன்றன்றைய தாளைக் கிழிக்கும் வேலையை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். கிழித்ததை எறியாமல் அடுக்கி வைத்திருந்தார். “எண்ணிப் பாரு. எண்பத்தொம்பது. இன்னிக்குத் தாளையும் சேர்த்துக் கிழிச்சுட்டேன். நீ வந்துடுவேன்னு தெரியும்.”

ரூத்து என்னும் மருமகள் தன் மாமியாரை விட்டுப் பிரிய மறுத்து, அவருடைய ஊருக்கே உடன் சென்ற வரலாற்றைப் பள்ளியில் எத்தனை முறை மறைக்கல்வியாக நடத்தியிருப்பேன்! நகோமி வற்புறுத்தித் திருப்பியனுப்பியும் அவள் போகவில்லை. என் நகோமி என்னை மகிழ்வோடு வழியனுப்பிவிட்டு, நாள்களைத் தலையணைக்கடியில் சேர்த்து வைத்தார்.

அந்த வாரமே சக்கர நாற்காலி வாங்கினேன். “அத்தை, கோயிலுக்குப் போகலாமா?” என்று கேட்டேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “படி இருக்கே” என்றார். கோயிலின் படிகளை அவர் மறக்கவில்லை. மனத்திற்குள் நாள்தோறும் ஏறிப் பார்த்திருக்கிறார். முதல் ஞாயிறு முக்கால் கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஊரார் நின்று பார்த்தது உண்மை. பார்த்தவர்களில் ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து பள்ளத்தைத் தாண்டித் தூக்கிவிட்டதும் உண்மை. படியருகே நான் கெஞ்சுவதற்கு முன்பே இளைஞர்கள் ஓடி வந்தனர். எண்ணிப் பார்த்தேன், சரியாக நால்வர். நன்மை வாங்கியபின் அத்தை அழுதார். என்ன செபித்தீர்கள் என்று கேட்டதற்கு, “பீடத்துக்கு வெள்ளை அடிச்சிருக்காங்க, நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னார்.

பங்குப் பேரவையில் சரிவுப் பாதை வேண்டுமென்று ஒரு மடல் கொடுத்தேன். எதிர்ப்பு இருக்குமென்று எண்ணி நீண்ட மறுமொழிகளையெல்லாம் ஆயத்தம் செய்திருந்தேன். பங்குத்தந்தை கேட்டது ஒரே கேள்வி: “இதை ஏனம்மா இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை?” என்னிடம் விடை இல்லை. இரண்டு மாதத்தில் பக்கவாசலில் சிமெண்ட் சரிவு எழுந்தது. அது வந்தபின்தான், எங்கள் பங்கில் அத்தையைப் போல் இன்னும் ஐவர் இருந்தது எங்களுக்கே தெரிந்தது. வீடுகளிலிருந்து அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிவந்தார்கள்.

வலென்சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டென்றேன். 2024 அக்டோபர் 29-ஆம் நாள் அந்த மாகாணத்தில் பெருமழை கொட்டியது. தூரியாவின் புதுக்கால் நகரின் நடுப்பகுதியைக் காத்தது. ஆனால் அதற்குத் தெற்கேயுள்ள புறநகர்கள் வேறொரு காட்டாறு உடைத்துப் பாய்ந்ததில் மூழ்கின. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் முதியோர் பலர். தரைத்தளத்தில் இருந்தவர்கள், படியேற இயலாதவர்கள். தொலைபேசியில் மகள் விவரித்தபோது அத்தையும் அருகில் இருந்தார். “படகு வரலையா?” என்று கேட்டார்.

அந்தப் புறநகர்களின் வெள்ளம் வடிந்து சேருமிடம் அல்புஃபேரா என்னும் ஏரி. நெல்வயல்கள் சூழ்ந்த நன்னீர்ச் சதுப்பு. அதுவும் பன்னாட்டு ராம்சர் பட்டியலில் உள்ள நிலம். எங்கள் பள்ளிக்கரணையும் 2022 முதல் அதே பட்டியலில் இடம்பெற்ற நிலம். எங்கள் சதுப்பில் 1247 எக்டேர் காக்கப்பட்டுள்ளது. முன்பிருந்த பரப்பில் பெரும்பகுதி வீடும் சாலையும் குப்பைமேடுமாகிவிட்டது. என் வீடும் அங்கே வந்த வீடுகளில் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெற்கே முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் இங்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலைத் தேடிப் போகிறது. நீரை ஓரிடத்திலிருந்து தள்ளினால் அது வேறொருவர் வாசலுக்குப் போகும். முதுமையின் சுமையும் அப்படியே. நாம் தள்ளிவிட்டது மறைவதில்லை. நம் கண்ணுக்கு அப்பால் ஒருவர் மேல் ஏறுகிறது.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மகள் பேத்தியோடு வந்திருந்தாள். வலென்சியாவில் வழுக்கிச் சென்ற அந்த வண்டி எங்கள் தெருவில் இரண்டாம் நாளே முன்சக்கரத்தை இழந்தது. சைக்கிள் கடைக்காரர் கம்பி கட்டிச் சீர்செய்தார். நள்ளிரவுத் திருப்பலிக்கு நான் அத்தையின் நாற்காலியையும், மகள் குழந்தை வண்டியையும் தள்ள, பக்கவாசல் சரிவில் முன்னும் பின்னுமாக ஏறினோம். அத்தை திரும்பிப் பார்த்து, பேத்தியின் மகளிடம் சொன்னார்: “உனக்கும் எனக்கும் ஒரே பாடுதான் கண்ணு. யாராவது தள்ளணும்.”

குழந்தை சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. ஆனால் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

இரவில் இன்னும் இருமுறை எழுகிறேன். சில இரவுகளில் அலுப்பும் எரிச்சலும் வருகின்றன. அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது விவிலியத்தைத் திறப்பேன். ரூத்து ஆகமத்தின் பக்கங்களுக்கிடையே அந்த எண்பத்தொன்பது தாள்களையும் வைத்திருக்கிறேன். புத்தகம் அந்த இடத்தில் சற்றுப் பருத்து, மூட மறுக்கிறது.